சாவி வந்தது, வீடு வரவில்லை

புது ஃபிளாட்டின் சாவி வாங்கப் போகிறவர்கள் பேனா எடுத்துப் போக வேண்டியதில்லை. பில்டர் அலுவலகத்தில் தயாராக வைத்திருப்பார்கள். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், ஒரு ஸ்வீட் பாக்ஸ், கம்பெனி பெயர் பொறித்த சாவிக்கொத்து. தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம். போன தை மாதம் மேடவாக்கம் பக்கம் இப்படி ஒரு சாவி வாங்கும் படலத்துக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்குத் துணையாகப் போயிருந்தேன்.

"சார், இங்க ஒரு சைன். அப்புறம் கடைசிப் பக்கத்துல ஒண்ணு. மேடம், நீங்களும்."

"இ.பி. லைன் எப்பம்மா வரும்?"

"அப்ளை பண்ணியாச்சு சார். சி.சி. வந்ததும் மீட்டர் மாட்டிடுவாங்க. அதுவரைக்கும் டெம்பரரி லைன் இருக்கு, பிரச்னையே இல்ல."

"சி.சி. எப்ப வரும்?"

"ஃபைல் மூவ் ஆயிட்டே இருக்கு சார்."

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் மூன்றாவது பத்தியின் சாரம் இது: வீட்டை நேரில் பார்த்துவிட்டேன், ஒப்பந்தப்படி எல்லா வேலையும் எனக்குத் திருப்தியாக முடிந்திருக்கிறது, தாமதம் உட்பட எதற்காகவும் இந்த நிறுவனத்திடம் நான் எதையும் கேட்க மாட்டேன். "ஏங்க, பாத்ரூம்ல இன்னும் டைல்ஸே ஒட்டலையே" என்று மனைவி கணவரின் காதைக் கடித்தார். அது அலுவலகப் பெண்ணின் காதிலும் விழுந்தது. "அதை ஸ்நாக் லிஸ்ட்ல போட்டுக்கலாம் மேடம்." கணவர் என்னைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். போட்டுவிட்டார்.

சி.சி. என்று அவர்கள் சொன்னது கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட். அங்கீகரித்த வரைபடப்படிதான் கட்டடம் எழும்பியிருக்கிறது என்று சென்னையில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வும், மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்புத் துறையும் உள்ளாட்சிகளும் தரும் நிறைவுச் சான்றிதழ். சின்ன வீடுகளுக்கு இதில் விலக்கு உண்டு. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கிடையாது. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் என்று எந்த நிரந்தர இணைப்பும் இது இல்லாமல் தரக்கூடாது என்று தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சொல்கின்றன. இந்தச் சான்றிதழை வாங்கித் தரும் பொறுப்பு பில்டருடையது என்கிறது ரேரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். ஆக, சான்றிதழ் முதலில் வர வேண்டும், சாவி அதற்குப் பிறகு. நடப்பதோ தலைகீழ்.

ஏன் தலைகீழாகக் கொடுக்கிறார்கள்? வாங்குகிறவர் பாவம், வாடகை கொடுத்து மாய்கிறாரே என்ற இரக்கத்தினால் இல்லை. சாவி கைமாறும் அந்தத் தேதிக்கு ஒரு விலை இருக்கிறது.

ஒப்புக்கொண்ட தேதிக்குள் வீட்டை ஒப்படைக்காவிட்டால், ஒப்படைக்கும் வரை ஒவ்வொரு மாதமும் வட்டி தர வேண்டும் என்கிறது ரேரா சட்டத்தின் 18-வது பிரிவு. தமிழ்நாட்டு விதிகளின்படி அந்த வட்டி, ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்.சி.எல்.ஆர். என்ற கடன் வட்டி விகிதத்துடன் கூடுதலாக 2 சதவீதம். 10 சதவீதம் என்றே குறைத்து வைத்துக்கொண்டாலும், 50 லட்சம் கட்டியவருக்கு மாதம் 41,000 ரூபாய்க்கு மேல் வரும். ஒப்பந்தப் பத்திரங்களில் இதற்குப் பதில் 'சதுர அடிக்கு மாதம் ஐந்து ரூபாய்' என்ற ரீதியில் ஒரு நஷ்டஈடு எழுதியிருக்கும். 1,000 சதுர அடி வீட்டுக்கு அது 5,000 ரூபாய். எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஐயாயிரத்தையும் நிறுத்தத்தான் சாவி. கடிதத்தில் கையெழுத்து விழுந்ததும் 'ஒப்படைத்துவிட்டோம்' என்று ஒரு தேதி பில்டருக்குக் கிடைத்துவிடுகிறது. நாளைக்கு ரேரா ஆணையத்தில் வழக்கு வந்தால் அவர் தரப்பு வக்கீல் நீட்டும் முதல் காகிதமும் இதுவாகத்தான் இருக்கும்.

அதே தேதியிலிருந்து மெயின்டனன்ஸ் ஓட ஆரம்பிக்கிறது. ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ முன்பணமாக, கார்பஸ் ஃபண்டோடு சேர்த்து. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்கு லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் நிரம்பாத தொட்டிக்குத் தொட்டி பராமரிப்பு. இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. கட்டுமானக் குறைகளை ஐந்து வருடத்துக்குள் சொன்னால் பில்டர் 30 நாளில் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14-வது பிரிவு. அந்த ஐந்து வருடமும் வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து எண்ணப்படுவது. கரண்ட் இல்லாமல் ஒன்றரை வருடம் வீடு பூட்டிக்கிடந்தால், சுவரில் ஓதம் ஏறுகிறதா, குழாய் கசிகிறதா என்று குடியிருந்து பார்ப்பதற்கு முன்பே அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். 50 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை மட்டும் 43,000-ஐத் தாண்டுகிறது. அதன்மேல் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை. தை மாதம் காலி செய்துவிடுவோம் என்று ஹவுஸ் ஓனரிடம் சொல்லி, அவரும் அடுத்தவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பார். பிள்ளைகளுக்குப் புது வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் ஜூனில் இடம் பிடித்திருப்பார்கள். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வீடு முடியவில்லை என்றால், பழைய வருமான வரி முறையில் வட்டிக்குக் கிடைக்கும் 2 லட்சம் ரூபாய்க் கழிவு 30,000-ஆகச் சுருங்கிவிடும் என்று ஆடிட்டர் வேறு பயமுறுத்தியிருப்பார். போதாததற்கு முகூர்த்தம். தையை விட்டால் எப்போது, மாசி கூடுமா, ஆடிக்கு முன்னால் நாள் கிடைக்குமா என்று வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊர் பில்டர்களுக்குப் பஞ்சாங்கம் நன்றாகத் தெரியும். தை பிறக்கும்போது சாவி நீட்டினால் யாரும் மூன்றாவது பத்தியைப் படிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

அதனால் பால் காய்ச்சுகிறார்கள். மேடவாக்கத்து வீட்டிலும் காய்ச்சினார்கள். லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறையின் உரிமம் இன்னும் வரவில்லை. பாட்டியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் நாலாவது மாடிக்குத் தூக்கிப் போனார்கள். பசுவும் கன்றும் கீழே ஸ்டில்ட்டிலேயே நின்றுகொண்டன. அவற்றின் பாடு தேவலை. ஹோமம் முடிகிற நேரத்தில் டெம்பரரி லைன் டிரிப் ஆனது. ஒரே லைனில் மேலே மார்பிள் பாலிஷ் மெஷினும் கீழே போர்வெல் மோட்டாரும் ஓடினால் அப்படித்தான் ஆகும். வந்தவர்கள் செல்போன் வெளிச்சத்தில் தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். மத்தியானச் சாப்பாடு பக்கத்து ஹோட்டலில். சாயங்காலம் அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பழைய வாடகை வீட்டுக்கே திரும்பிப் போனது, கல்யாணச் சத்திரத்தை முகூர்த்தத்துக்கு மட்டும் எடுத்தவர்கள் மாதிரி.

திரும்பிப் போக வீடு இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள். காலி செய்துவிட்டு வந்தவர்கள் அந்த டெம்பரரி லைனிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். வீட்டு இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தற்காலிக இணைப்பில் அது கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் கட்டணம். அதைப் பில்டர் மொத்தமாகக் கட்டி, தன் கணக்குப்படி வீட்டு வீட்டுக்குப் பிரித்து வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவார். எந்த மீட்டரைப் பார்த்துப் பிரித்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. ஏ.சி. போடாதீர்கள், கீசர் போடாதீர்கள் என்று மட்டும் அறிவிப்பு வரும். தண்ணீர்க் கதை இன்னும் நீளம். ஓ.எம்.ஆர். பக்கம் எல்லாச் சான்றிதழும் இருக்கிற பெரிய குடியிருப்புகளே பல வருடமாக லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாத கட்டடம் குடிநீர் இணைப்புக்கு மனுக்கூடப் போட முடியாது.

பில்டர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. தீபாவளிக்கும் தேர்தலுக்கும் ஊருக்குப் போன வடமாநிலத் தொழிலாளர்கள் திரும்பி வர ஒரு மாதம் ஆகிறது. எம்-சாண்ட் விலை ஏறினால் சின்ன பில்டரின் கை கட்டப்பட்டுவிடுகிறது. உயரமான கட்டடம் என்றால் தீயணைப்புத் துறை, போக்குவரத்து போலீஸ் என்று ஒவ்வொரு வாசலிலும் தடையில்லாச் சான்றுக்கு நிற்க வேண்டும். எல்லாவற்றையும் வரைபடப்படி கட்டி முடித்துவிட்டு, ஆய்வுக்கு ஆள் வராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் பில்டரும் இருக்கிறார். அவருக்காகவும்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஆனால் சான்றிதழ் இழுத்தடிப்பதற்கான பெரிய காரணம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் இரண்டடி குறைந்திருக்கும். வரைபடத்தில் கார் பார்க்கிங் என்று காட்டிய ஸ்டில்ட்டில் ஒரு ஜிம் முளைத்திருக்கும். மொட்டை மாடியில் யாருக்கோ விற்ற ஓர் அறை நிற்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி டேப்பை நீட்டினால் எல்லாம் தெரிந்துவிடும். ஃபைல் மூவ் ஆவதாகச் சொல்லப்படும் பல இடங்களில், மனுவே முறையாகப் போட்டிருக்க மாட்டார்கள், அல்லது குறை சொல்லித் திரும்பி வந்திருக்கும். வாங்கியவருக்கு அது எப்படித் தெரியும்? 'பால்கனியையும் மூடி ரூமா போட்டுக் கொடுத்துடுங்க' என்று தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு சி.சி. வரவில்லையே என்று புலம்புகிறவர்களும் நம்மில் உண்டு; அவர்களுக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியவில்லை.

அது வெறும் காகிதம்தானே, குடியேறினால் தானாக வந்துவிடும் என்கிறவர்களுக்கு மவுலிவாக்கத்தை ஞாபகப்படுத்த வேண்டும். 2014 ஜூன் 28 அன்று அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டத் தொடங்குமுன் தரும் அங்கீகாரம் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எழும்பிய கட்டடத்தை ஒரு பொறுப்புள்ள ஆள் வந்து அளந்து பார்க்கிற சந்தர்ப்பம் நிறைவுச் சான்றிதழில்தான் இருக்கிறது.

சட்டம் வாங்குகிறவர் பக்கம்தான் பேசுகிறது. குருகிராம் வீடு ஒன்று குறித்த வழக்கில், வாங்குகிறவர் தவணை தவறினால் 18 சதவீதம், பில்டர் தவறினால் 9 சதவீதம் என்று எழுதியிருந்த ஒப்பந்தத்தை, ஒருதலைப்பட்சமானது, முறையற்ற வணிக நடவடிக்கை என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பயங்கரமாகத் தாமதித்துவிட்டு வீட்டை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது என்றது. குடியிருக்கலாம் என்று அனுமதிக்கும் 'குடியேறும் சான்றிதழ்' வாங்கித் தராதது சேவைக் குறைபாடு என்று 2022 ஜனவரியில் மும்பை குடியிருப்பு ஒன்றின் வழக்கில் சொன்னது. 2024 டிசம்பர் 17 அன்று வந்த தீர்ப்பு இன்னும் திட்டவட்டம்: சான்றிதழ் பெற்ற பிறகே வீட்டை ஒப்படைப்பேன் என்று பில்டர் உறுதிமொழி தர வேண்டும்; சான்றிதழைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு; அதைச் சரிபார்த்த பிறகே வங்கிக் கடன்.

அந்த உறுதிமொழி எந்த அலுவலக பீரோவில் இருக்கிறது என்று வீடு வாங்கிய யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

சென்னையில் இன்னொரு சிக்கல், நாம் வீடு வாங்கும் முறையிலேயே இருக்கிறது. காலங்காலமாக இங்கே முதலில் நிலத்தின் பிரிபடாத பங்கைப் பதிவு செய்துகொண்டு வந்திருக்கிறோம். கட்டடத்துக்குத் தனியாக ஓர் ஒப்பந்தம். சாவி வாங்கும் நாளில் பத்திரம் முன்பே நம் பெயரில், வங்கி முன்பே தொண்ணூறு தொண்ணூற்றைந்து சதவீதத்தைக் கொடுத்தாயிற்று. பில்டரைப் பிடித்து நிறுத்த நம் கையில் இருப்பது கடைசித் தவணை ஒன்றுதான். சாவிக்கு முன்னால் அதையும் கட்டச் சொல்லிக் கேட்பது அதனால்தான்.

சரி, எல்லாம் போய் வாங்கியவர் ரேராவில் வழக்குப் போட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சி.எம்.டி.ஏ.வும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் எழும்பூரில் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. சான்றிதழ் தருகிற அலுவலகம் ஒன்று, சான்றிதழ் வராதவர்களின் புகாரை விசாரிக்கிற அலுவலகம் மற்றொன்று. நடுவே ஒரு ஃபைல் போய்வர ஐந்து நிமிட நடை. புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாண்டினால் ஆணையம் காரணம் எழுதிவைக்க வேண்டும். பெரும்பாலும் தாண்டுகிறது. உத்தரவு வந்தால் பணம் வந்துவிடுமா? அதுவும் இல்லை. கொடுக்காத பில்டரிடமிருந்து நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்கிறது 40-வது பிரிவு. அதற்கான சான்று கலெக்டருக்குப் போய், அங்கிருந்து தாசில்தார் மேஜைக்கு வரும். தாசில்தார் மேஜையில் பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல், வெள்ள நிவாரணம் எல்லாம் இருக்கின்றன. ஒரு ஃபிளாட்காரருக்கு வர வேண்டிய வட்டி அந்த அடுக்கில் எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மகாராஷ்டிர ரேரா இந்த வசூலுக்கென்றே ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அதிகாரிகளை அமர்த்தியிருக்கிறது. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், கோவை கலெக்டர் அலுவலகங்களில் ஆளுக்கொருவர் என்று உட்காரவைத்தாலே இங்கே பாதி உத்தரவுகளுக்கு உயிர் வரும்.

அரசு செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. ரேராவில் பதிவான ஒவ்வொரு திட்டத்தின் விவரத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்டர் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. நிறைவுச் சான்றிதழுக்கு எந்தத் தேதியில் மனுப் போட்டார், எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, என்ன குறை சொல்லித் திருப்பினார்கள் என்ற மூன்று விவரங்களை சி.எம்.டி.ஏ.வே நேரடியாக அந்தப் பக்கத்தில் ஏற்றட்டும். 'ஃபைல் மூவ் ஆயிட்டே இருக்கு' என்ற பதிலுக்கு அன்றோடு ஆயுசு முடிந்துவிடும். குறையில்லாத மனுவுக்கு ஆய்வு தாமதமானால் எந்த அதிகாரியின் மேஜையில் தாமதம் என்பதும் அதே பக்கத்தில் தெரியும். நேர்மையான பில்டருக்கு அதைவிட வேறென்ன உதவி வேண்டும்?

வங்கிகள் கடைசித் தவணையைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே விடுவிக்கலாம். கட்டுமானம் வளர வளரத்தான் பணம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொன்னதன் இயல்பான கடைசிப் படி அது. மின் வாரியம், ஏற்கெனவே குடியேறிவிட்ட குடும்பங்களின் தற்காலிக இணைப்புக் கூடுதல் கட்டணத்தைப் பில்டர் தலையில்தான் கட்ட வேண்டும். தவறு செய்தவர் அவர். இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களிடம் அபராதம் வாங்குவதில் நியாயம் இல்லை.

அதுவரை சாவி வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வதற்குச் சில உண்டு. நிறைவுச் சான்றிதழின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். இல்லை என்றால், உள்வேலைகளுக்காக மட்டும் சாவி பெறுவதாகவும், சட்டப்படியான ஒப்படைப்பு சான்றிதழுக்குப் பிறகே என்றும், தாமத வட்டி கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதுங்கள். எழுதவிட மாட்டோம் என்றால் அன்று மாலையே அதை மின்னஞ்சலில் அனுப்புங்கள். சான்றிதழ் வந்த இரண்டு மாதத்துக்குள் வீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டியது வாங்குகிறவரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. சான்றிதழுக்கு முன்னால் பெற்றுக்கொள்ளும்படி எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தனியாளாகப் பேசாதீர்கள். நாற்பது வீட்டுக்காரர்கள் ஒரே கடிதத்தை நீட்டினால், அந்த நாலு பக்கக் கடிதம் ஒரே வாரத்தில் இரண்டு பக்கமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தச் சாமர்த்தியத்தை ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு தையிலும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? பில்டர்களுக்கு உத்தரவு பிறப்பிக்க ரேரா சட்டத்தின் 37-வது பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அந்த உத்தரவு அவர்களைக் கட்டுப்படுத்தும். ஒப்படைப்புக் கடிதத்துக்கு ஆணையமே ஒரு படிவம் வகுக்கட்டும், தமிழில். நிறைவுச் சான்றிதழ் எண், வீட்டு மின் இணைப்பு எண், லிஃப்ட் உரிம எண், தண்ணீர் எங்கிருந்து, பாக்கி வேலைகள் என்ன, எந்தத் தேதிக்குள் என்று கட்டங்கள் இருக்கட்டும். கட்டம் காலியாக இருந்தால் ஒப்படைப்பு செல்லாது என்று கீழே ஒரு வரி. எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்கும் பத்திக்கு அதில் இடம் கூடாது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த தை பிறப்பதற்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது.